படை கேட்பதற்கு முன்: சமய மன்றங்களின் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய இளைஞர்களுக்கு,

உங்கள் ஆண்டு மாநாடுகளில் நிறைவேறும் தீர்மானங்களுள், அயல்நாடொன்றில் உங்கள் சமயத்தைச் சார்ந்த மக்கள் வழிபாட்டிடம் இடிபட்டும் வீடு எரிபட்டும் பிராணனை இழந்தும் தவிக்கிறார்கள் என்பதை விவரித்து, உலக வல்லரசுகள் உடனே படை அனுப்பி அவர்களை மீட்க வேண்டும் என்று கோரும் தீர்மானம் ஒன்று தவறாமல் இடம்பெறுவதையும், மற்றெல்லாத் தீர்மானங்களையும்விட அதற்கே கரகோஷம் மிகுதியாக எழுவதையும் கவனித்து வருகிறேன். கிறிஸ்தவ மன்றமாயினும், முஸ்லிம் மன்றமாயினும், இந்து மன்றமாயினும், பௌத்த மன்றமாயினும் வாசகம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஊரின் பெயரும் சமயத்தின் பெயருமே மாறுகின்றன. கண்ணால் காணாத ஓர் ஊரில் அடிபடுகிறவனுக்காக இங்கே ஒருவனுடைய தூக்கம் கெடுகிறது என்றால் அது மனித குலத்துக்கு நல்ல காலமே என்று நினைக்கிறவன் நான். ஆகவே உங்கள் கோரிக்கையை அலட்சியம் செய்வதற்காக அன்று, அதை உரிய கனத்தோடு ஆராய்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

ஒரு ராஜ்யத்தின் எல்லைக்குள் நடப்பது அந்த ராஜ்யத்தின் சொந்த விவகாரம், அதில் அந்நியர் தலையிடலாகாது என்ற கொள்கையை நீங்கள் வெறுப்போடு பார்க்கிறீர்கள். அத்தனை வெறுப்பு அதற்குத் தகாது. வலிய நாடுகள் மெலிந்த நாடுகளை ஏதேனும் ஒரு புண்ணிய காரியத்தின் பெயரால் விழுங்கிவிடாதபடி நிற்கிற வேலி அது ஒன்றுதான். நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று சொன்னவர்களிடம் இரண்டு நூற்றாண்டு அகப்பட்டிருந்த நாம் அந்த வேலியின் அருமையை மறக்கலாகாது. எனினும், அடுத்த வீட்டுக்காரன் தன் மனைவி மக்களை வெட்டுகிற ஓலம் காதில் விழுந்த பிறகும், சுவரேறிக் குதித்தால் அத்துமீறல் குற்றமாகுமே என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவனை எந்தத் தர்ம சாஸ்திரமும் மெச்சாது. தன் பிரஜைகளைத் தானே கொன்று குவிக்கிற அரசு, அல்லது கொலைகாரரின் கையில் அவர்களைக் கைவிட்டு ஓடுகிற அரசு, தன் எல்லையின் புனிதத்தைப் பேசும் யோக்கியதையை இழந்துவிடுகிறது. 1625-இல் தம் பெரு நூலை வெளியிட்ட ஹாலந்து நாட்டு நீதிமான் குரோஷியஸ் இதை ஒப்புக்கொண்டார். 2005-இல் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய உலகத் தலைவர்களும், இனப்படுகொலை முதலான கொடுங்குற்றங்களிலிருந்து மக்களைக் காக்க ஓர் அரசு வெளிப்படையாகத் தவறுமானால் பாதுகாப்புச் சபையின் வழியாக உலகம் நடவடிக்கை எடுக்கலாம் என்று ஒப்பினார்கள். படை அனுப்புவது சில வேளைகளில் தர்மமே என்பதில் உங்களுக்கும் எனக்கும் பேதமில்லை. யார் பொருட்டு, எந்த நிபந்தனையோடு, எது வரையில் என்ற இடத்தில்தான் பேதம் தோன்றுகிறது.

அதை விளக்க 1860-ஆம் ஆண்டின் லெபனான் மலைநாட்டுக்கும் டமாஸ்கஸ் நகருக்கும் உங்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. இன்று மனிதாபிமானத் தலையீடு என்று வழங்குகிற காரியத்துக்கு முன்மாதிரியாக அறிஞர் பலர் எடுத்துக் காட்டுவது அந்த நிகழ்ச்சியைத்தான்.

அப்போது அந்நாடு உதுமானிய சுல்தானின் ஆட்சியில் இருந்தது. மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் துரூசு என்னும் சமயத்தாருக்கும் நெடுங்காலமாகப் புகைந்துகொண்டிருந்த பகை அவ்வாண்டின் வேனிலில் தீயாக மூண்டது. தொடக்கத்தில் இரு தரப்பிலும் ஆயுதம் இருந்தது, இரு தரப்பிலும் குற்றம் இருந்தது. ஆனால் சில வாரங்களில் அது போர் என்ற பெயருக்கும் தகுதியற்றதாயிற்று. ஹாஸ்பயா, தேர் அல்-கமர் போன்ற ஊர்களில், அரசாங்கத்தின் காவற்படையை நம்பி அடைக்கலம் புகுந்த கிறிஸ்தவர்களிடமிருந்து, உங்களைக் காக்கிறோம் என்று சொல்லி ஆயுதங்களை வாங்கிக்கொண்ட சிப்பாய்கள், கொலைகாரர்கள் வந்தபோது விலகி நின்றார்கள். ஜூலை 9-ஆம் தேதி அந்தத் தீ டமாஸ்கஸுக்குப் பரவியது. கிறிஸ்தவர் வாழ்ந்த பாப் தூமாப் பகுதி கொள்ளையிடப்பட்டு எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அந்த நகரில் அன்று வசித்து வந்த ஒரு மனிதரைப் பற்றி உங்கள் மன்றங்களில் யாரேனும் பேசிக் கேட்டிருப்பீர்களா என்று தெரியவில்லை. அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிர், தம் தாய்நாட்டின்மேல் படையெடுத்து வந்த பிரெஞ்சுக்காரரை எதிர்த்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு போர் செய்து, 1847-இல் சரணடைந்து, வாக்குறுதிக்கு மாறாகப் பிரான்சில் சிறை வைக்கப்பட்டு, விடுதலையான பின் டமாஸ்கஸில் வந்து தங்கி, மார்க்க நூல்களைப் போதித்துக் காலம் கழித்தவர். கிறிஸ்தவ ராஜ்யம் ஒன்றினால் நாட்டையும் சுதந்திரத்தையும் இழந்த அந்த முஸ்லிம் அறிஞர், கலவரம் மூண்டதும், தம்மோடு வந்து குடியேறியிருந்த அல்ஜீரிய வீரர்களைத் திரட்டிக்கொண்டு எரிகிற தெருக்களில் இறங்கினார். பாதிரிமாரையும், கன்னியாஸ்திரீகளையும், அயல்நாட்டுப் பிரதிநிதிகளையும், பெயரறியாத ஏழைக் குடும்பங்களையும் தம் மாளிகைக்குக் கொண்டு சேர்த்தார். மாளிகையில் இடம் போதாமற் போகவே, தம் வீரர்களின் காவலில் கூட்டங் கூட்டமாகக் கோட்டைக்கு அனுப்பினார். ஒரு கிறிஸ்தவனை உயிரோடு கொண்டு வருகிறவனுக்கு இவ்வளவு பணம் என்று அறிவித்து, கொள்ளைக்கு வந்தவனின் பேராசையையே ரட்சிப்புக்குச் சாதனமாக்கினார். உள்ளே இருப்பவர்களை ஒப்படைக்கும்படி வாசலில் திரண்ட கும்பலுக்கு, தாமும் தம் ஆட்களும் உயிரோடு இருக்கும்வரை அது நடவாது என்று நேருக்கு நேர் நின்று மறுத்தார். மைதான் பகுதி முஸ்லிம் பெரியவர்களும் தங்கள் வட்டாரத்துக் கிறிஸ்தவர்களைக் காத்தார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. அப்துல் காதிரால் பிழைத்தவர்கள் பல ஆயிரம் பேர்.

ஐரோப்பாவின் படை எப்போது வந்தது தெரியுமா? ஆகஸ்ட் 3-ஆம் தேதி பாரிஸ் நகரில் வல்லரசுகள் கூடிக் கையெழுத்திட்டன. ஆகஸ்ட் 16-ஆம் தேதி பிரெஞ்சுத் துருப்புகள் பெய்ரூத்தில் கரையிறங்கின. டமாஸ்கஸில் கொலை ஓய்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுல்தானின் பிரதிநிதியாக வந்த புவாது பாஷா, ஐரோப்பியர் வந்து தண்டிக்கும்படி விடலாகாது என்ற அவசரத்திலே, அதற்குள் நகரை அடக்கி விசாரணை தொடங்கிவிட்டார். நூற்றுக்கு மேற்பட்டோர் மரண தண்டனை அடைந்தனர், கடமை தவறிய டமாஸ்கஸ் ஆளுநரும் சுட்டுக் கொல்லப்பட்டார். படை வந்து ஒரு பிராணனையும் கத்தியின் கீழிருந்து மீட்கவில்லை என்பதுதான் வரலாறு. படை வரும் என்ற அச்சம் பயன் தந்தது. அகதிகள் ஊர் திரும்புவதற்கும் வீடுகளை மீண்டும் எழுப்புவதற்கும் வந்த துருப்புகள் துணை நின்றன. இவை சிறு காரியங்கள் அல்ல. ஆனால் உங்கள் தீர்மானம் கேட்பது வேறு: கொலை நடக்கிறபோதே கையைப் பிடிக்கிற உதவியை. அதைச் செய்தவர் அந்நகரிலேயே குடியிருந்த, தாக்கப்பட்டவர்களின் சமயத்தைச் சாராத ஒரு மனிதர்.

ஆயினும் அந்தப் பாரிஸ் உடன்படிக்கையில் ஓர் அழகு இருக்கிறது. படையின் உச்ச அளவு பன்னீராயிரம் என்றும், அதில் பாதியைப் பிரான்ஸ் உடனே அனுப்பலாம் என்றும், காலம் ஆறு மாதம் என்றும், எந்த வல்லரசும் இதனால் நிலத்தையோ தனிச் செல்வாக்கையோ தேடாது என்றும் அதில் எழுதினார்கள். சுல்தானின் சம்மதத்தையும், அது மனமுவந்த சம்மதமன்று எனினும், பெற்றார்கள். பிரான்சுக்கு அந்த மலைநாட்டுப் பட்டிலே கண் இருந்தது. அதன் தளபதிக்கு இன்னும் தங்கவே விருப்பம். பிரிட்டனோ பிரான்சின்மேல் கொண்ட ஐயத்தால் வெளியேற்றத்தை வற்புறுத்தியது. இந்தப் பரஸ்பர அவநம்பிக்கையின் பயனாக, 1861 ஜூன் மாதத் தொடக்கத்தில் படை கப்பலேறிவிட்டது. அதே மாதத்தில் மலைநாட்டுக்கென்று ஒரு தனி ஆட்சி முறை வகுக்கப்பட்டு, சுல்தானின் கிறிஸ்தவப் பிரஜை ஒருவர், ஆனால் வெளியூர்க்காரர், ஆளுநராக வந்தார். முதல் உலகப் போர் வரை அங்கே பெரும் இரத்தக்களரி இல்லை. அதற்கும் விலை உண்டு: சமயவாரியாகப் பதவிகளைப் பங்கிடும் பழக்கம் அந்த ஏற்பாட்டிலே வேரூன்றி, இன்றும் லெபனானின் அரசியலை நெரித்துக்கொண்டிருக்கிறது. அந்நியர் செய்து கொடுக்கிற சமாதானத்தில் இத்தகைய சங்கடம் எப்போதும் ஒளிந்திருக்கும்.

இனி உங்கள் மனத்துக்கு உவப்பில்லாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். பெய்ரூத்தில் இறங்கிய அதே பிரெஞ்சுப் படை, அதற்குப் பதினைந்து ஆண்டு முன்னே, அல்ஜீரியாவின் தஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்த கிராமத்து மக்களை, ஆண் பெண் குழந்தை என்ற பேதமின்றி, வாயிலில் தீ மூட்டிப் புகையால் மூச்சுத் திணறடித்து நூற்றுக்கணக்கில் கொன்ற படை. உதுமானிய நாட்டிலுள்ள வைதிகக் கிறிஸ்தவர்களுக்கெல்லாம் தானே பாதுகாவலன் என்று உரிமை கோரி, அந்த உரிமையின் பெயரால் 1853-இல் கிரிமியப் போருக்கு வழி வகுத்த ருஷ்யச் சக்கரவர்த்தி, 1839-இல் தம் நாட்டிலேயே போப்பரசரோடு ஒன்றிப்புக் கொண்டிருந்த கிழக்கத்தியக் கிறிஸ்தவர்களின் சபையைக் கலைத்து அரசாங்கச் சபையில் கரைத்தவர். 1877-இல் பல்கேரியக் கிறிஸ்தவர்களின் பரிதாபத்தைத் துடைக்கச் சென்ற ருஷ்யப் படையின் வெற்றியோடு, அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்கள் இலட்சக்கணக்கில் வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். அந்த மக்களின் ஓலத்தைக் கேட்டு எந்த வல்லரசின் படையும் புறப்படவில்லை. தன் மதத்தாரின் கண்ணீர் மட்டும் சுடுகிற இதயம் கையில் வாளெடுத்தால், ஒரு கொடுமையை நிறுத்திய கையோடு இன்னொரு கொடுமையைத் தொடங்கிவிடுகிறது. ஸ்பெயின் நாட்டு சலமாங்காவில் 1539-இல் விரிவுரை நிகழ்த்திய பாதிரியார் விதோரியா, கிறிஸ்துவை ஏற்க மறுத்தார்கள் என்பது அமெரிக்கப் பழங்குடிகள்மேல் போர் தொடுக்க நியாயமாகாது என்று துணிந்து சொன்னார். ஆனால் நரபலி முதலியவற்றிலிருந்து நிரபராதிகளைக் காப்பதற்காகப் போரிடலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தார். பேராசைக்காரர்கள் அந்த வாயில் வழியாக நுழைவதை அவருடைய நல்லெண்ணத்தால் தடுக்க முடியவில்லை.

பழங்கதை போதும். நம் கண்ணெதிரே நடந்ததைப் பாருங்கள். 2014 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அதிகாலை, ஈராக்கின் வடபுலத்தில் சிஞ்சார் மலையைச் சூழ்ந்த யசீதி மக்களின் ஊர்கள்மேல் இஸ்லாமிய அரசு என்று தன்னை அழைத்துக்கொண்ட கூட்டம் பாய்ந்தது. மயில் வடிவான தேவதூதரை வணங்கும் பழம் சமயத்தார் அவர்கள்; பிசாசை வணங்குகிறவர்கள் என்று பல நூற்றாண்டாக அவதூறு சுமந்தவர்கள். அவர்களைக் காப்பதாக அங்கே நிறுத்தப்பட்டிருந்த குர்தியப் படையினர், முன்னறிவிப்பு ஏதும் தராமல் பின்வாங்கிப் போய்விட்டார்கள். ஹாஸ்பயாவை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லாயிரம் பேர் மலையேறி ஓடினர். கோடையின் கடும் வெயிலில், நிழலும் நீருமற்ற பாறைகளின்மேல், குழந்தைகள் தாகத்தால் இறந்தன. இரண்டு நாள் கழித்து, பாக்தாதின் பாராளுமன்றத்தில் யசீதி உறுப்பினர் வியான் தகீல், எங்களைக் காப்பாற்றுங்கள் என்று கதறி மயங்கி விழுந்தார்.

அமெரிக்கா ஈராக் அரசின் சம்மதத்தோடு ஆகஸ்ட் 8-ஆம் தேதி முதல் விமானத் தாக்குதல் தொடங்கியது. வானிலிருந்து நீரும் உணவும் போட்டது. சிரியாவின் பக்கமிருந்து வந்த குர்தியப் போராளிகள் தரை வழியாக ஒரு பாதையைத் திறந்து மக்களை இறக்கினார்கள். அந்தத் தலையீடு தர்மமானது என்று நான் ஐயமின்றிக் கருதுகிறேன். கொலை நடந்துகொண்டிருந்தது, கேட்டவர்கள் பாதிக்கப்பட்டவர்களே, நாட்டின் அரசும் இசைந்தது, மீட்க வந்தவர்கள் மீட்கப்பட்டவர்களின் சமயத்தாரல்லர். இத்தனையும் பொருந்தியிருந்தும் அது எவ்வளவு அரைகுறையாக நின்றது என்பதை எண்ணுகையில்தான் நெஞ்சு வேகிறது. மலைக்குத் தெற்கே சமவெளியில் கோச்சோ என்ற சிற்றூர் முதல் நாளிலிருந்தே முற்றுகையில் இருந்தது. மதம் மாறுங்கள், இல்லாவிட்டால் என்று கெடு வைத்துவிட்டுக் கொலைஞர்கள் காத்திருந்தார்கள்; கிராமத்தார் தொலைபேசியில் தெரிந்தவர் அனைவரிடமும் மன்றாடினார்கள். ஆகஸ்ட் 13-ஆம் தேதி, மலைமேல் எஞ்சியோர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பெரிய மீட்புப் படை இனித் தேவையில்லை என்று வாஷிங்டனில் முடிவாயிற்று. 15-ஆம் தேதி கோச்சோ மக்களை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி, பணத்தையும் நகைகளையும் பிடுங்கிக்கொண்டு, ஆண்களை வண்டிகளில் ஏற்றிச் சென்று ஊர்ப்புறத்தில் சுட்டார்கள். இளம் பெண்களை அடிமைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். விலைபோகாத வயதான பெண்களைக் கொன்று புதைத்தார்கள். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற நாதியா முராத் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்களுள் ஒருவர். மொத்தத்தில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட யசீதிகள் கடத்தப்பட்டார்கள். விமானங்கள் அந்த வானத்தில் ஏழு நாளாகப் பறந்துகொண்டிருந்தன.

படை அனுப்பினால் மட்டும் போதும் என்று எண்ணுகிறவர்கள் கோச்சோவை வாசிக்கட்டும். படையே கூடாது என்கிறவர்களும் அதையே வாசிக்கட்டும்.

அந்தக் கொலைக் கூட்டம் முளைத்த வயலை உழுதது எது என்றும் கேட்க வேண்டும். 2003-இல் ஈராக்கின்மேல் நடந்த படையெடுப்பு எந்தச் சமயத்தாரையும் அழிக்கக் கருதியதன்று. ஆனால் அரசும் போலீசும் ஒரே வீச்சில் கலைந்த நாட்டில், துப்பாக்கியும் இனக்கூட்டமும் இல்லாத சிறுபான்மையினரே முதலில் பலியானார்கள். அதற்கு முன் பத்து இலட்சத்துக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட ஈராக்கியக் கிறிஸ்தவர்கள் இன்று சில இலட்சமாகக் குறைந்துவிட்டார்கள். மாந்தேயர் என்னும் பழம் சமயத்தார் பெரும்பாலும் நாட்டை விட்டே போய்விட்டார்கள். அரசைக் கவிழ்க்கிற படை வேறு, கொலைக் கையைத் தடுக்கிற படை வேறு. உங்கள் தீர்மானங்கள் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கின்றன. கொடுங்கோலன் வீழ வேண்டும், நம்மவர் பிழைக்க வேண்டும் என்று எழுதுகிறீர்கள். முன்னது நிறைவேறும் நாளில் பின்னது கெட்டுப்போகலாம் என்பதை அங்கே வாழ்கிறவர்கள் அறிவார்கள். எனவே, படை வர வேண்டுமா என்ற கேள்வியை முதலில் அவர்களிடம் கேட்டறிய வேண்டும். வந்த படை திரும்பிய பிறகு அக்கம்பக்கத்தாரின் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம், நாம் அல்லர்.

படையைவிட மலிவானதும், படையைவிட நிச்சயமானதுமான ஓர் உதவி உண்டு. அது உங்கள் தீர்மானங்களில் காணப்படாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் என்ற மாநிலம், தனக்கென்று ஒரு படைப்பிரிவும் இல்லாத மாநிலம், 2015 முதல் யசீதிப் பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரம் பேரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்து, வீடு கொடுத்து, மனநோய்க்கும் உடல் நோய்க்கும் சிகிச்சை செய்து, பள்ளியில் சேர்த்தது. நாதியா முராதும் அவ்வழியே ஜெர்மனிக்கு வந்தவர். அதே நாட்டின் பிராங்க்பர்ட் நகர நீதிமன்றம், யசீதிச் சிறுமி ஒருத்தியைத் தாகத்தால் சாகவிட்ட கொடியவனை 2021-இல் இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்த்து ஆயுள் தண்டனை விதித்தது. குண்டு விழாத உதவிகள் இவை. நம் நாடோ, அகதிகளைப் பற்றிய 1951-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் இன்றளவும் கையெழுத்திடவில்லை. திபெத்தியருக்கும், கிழக்கு வங்கத்திலிருந்து 1971-இல் ஓடி வந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கும் இடம் கொடுத்த நாடு இது. அவ்வாறு கொடுத்தது ஒரு சட்டத்தின் கட்டாயத்தால் அன்று. ஆதலால் நாளைக்கு வருகிறவனுக்கு அது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அந்நியன் மகனைச் சாவதற்கு அனுப்பும்படி கேட்கிற உரிமை, தன் ஊரில் ஒரு குடிசைக்கு இடம் தர மறுக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த மாநாட்டில் அந்தத் தீர்மானத்தைக் கைவிட வேண்டாம்; திருத்தி எழுதுங்கள். உங்கள் சமயத்தின் பெயர் இருக்கிற இடத்தில், சமயத்தின் பொருட்டுக் கொல்லப்படுகிற எவரும் என்று எழுதி, அவ்வாறு எழுதிய பிறகும் உங்கள் உறுப்பினர்கள் அதற்கு வாக்களிக்கிறார்களா என்று பாருங்கள். வாக்களிக்காவிட்டால் அவர்கள் கேட்டது ரட்சணையன்று என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள். படை என்று வருகிற இடத்தில், நடக்கிற கொலையைத் தடுப்பதற்கு மட்டும் என்றும், பாதிக்கப்பட்டவர்களின் வேண்டுகோளின்மேல் என்றும், பல நாடுகள் கூடி வகுத்த எல்லைக்கும் காலத்துக்கும் உட்பட்டு என்றும், பின்னர் இரு தரப்பு அகதிகளும் ஊர் திரும்பும்வரை பொறுப்பேற்று என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே, முதல் வாசகமாக, நம் அரசு அகதிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்ற கோரிக்கையை வையுங்கள். தீர்மானத்தின் நகலை உங்கள் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். அவ்வாறே, உங்கள் தெருவிலிருக்கிற மற்ற சமய மன்றத்தாரிடமும் கொண்டுபோய் அவர்கள் கையெழுத்தைக் கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும் ஒருவன்